நம்ம ஆளுதானே?

“நம்ம ஆளுதானுங்ணா, நாம வையாம வேற எவன் வைவான்?” மங்கலம் நால்ரோட்டு டீக்கடையில், நைட் ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் ஒரே கைப்பேசியில் தலையைக் குவித்து ஆட்டம் பார்க்கும்போது இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கேட்பவர் முரடர் அல்ல. எதிரணிக்காரன் நன்றாக ஆடினால் ‘அடிச்சான் பாரு’ என்று மனதார ஒத்துக்கொள்பவர்தான். வசவு முழுவதும் சொந்த அணிக்கு. கேட்சை விட்டவன், பெனால்டியை வெளியே அடித்தவன் என்று ஆரம்பித்து, அவன் தாய், மனைவி, சாதி, மதம் என்று ஒரு சுற்று போய்விட்டுத்தான் பேச்சு ஆட்டத்துக்குத் திரும்புகிறது. இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பழமொழியும் கைவசம் இருக்கிறது. அந்தக் கை அணைத்ததை யாராவது பார்த்ததுண்டா?

கோபப்படுவதில் தவறில்லை. தூக்கம் கெட்டு, மறுநாள் மெஷின் முன்னால் கொட்டாவி விட்டபடி உட்காரப்போகிறவனுக்கு ‘மோசமாக ஆடினாய்’ என்று கத்த எல்லா உரிமையும் உண்டு. ஆட்டக்காரர்களே இதை மறுப்பதில்லை. 2018 ஜூன் 1 அன்று மும்பை அந்தேரி மைதானத்தில் இந்தியக் கால்பந்து அணி சீன தைபேயை 5-0 என்று வென்றது. கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ வெளியிட்டார். அதில் அவர் பாராட்டுக் கேட்கவில்லை. இணையத்தில் ஏசுவதில் என்ன சுவை இருக்கிறது, மைதானத்துக்கு வாருங்கள், எங்கள் முகத்துக்கு நேரே திட்டுங்கள், கத்துங்கள், ஒருநாள் உங்கள் மனதை மாற்றினாலும் மாற்றிவிடுவோம் என்று கையேந்தாத குறையாகக் கேட்டார். ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிரான ஆட்டம் அவருடைய 100-வது சர்வதேச ஆட்டம். மழை கொட்டியது. அரங்கு நிரம்பியிருந்தது. அவர் இரண்டு கோல் அடிக்க, இந்தியா 3-0 என்று வென்றது.

நாட்டுக்காக மற்ற எவரையும்விட அதிக கோல் அடித்தவர், திட்டுவதற்காவது வாருங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது வெட்கக்கேடு, அது இருக்கட்டும். அவர் கேட்டதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வந்து பார், பார்த்துவிட்டுத் திட்டு. தொண்ணூறு நிமிடம் ஒருவன் ஓடுவதைக் கண்ணால் பார்த்தவன், அவன் எந்த இடத்தில் பந்தைக் கோட்டைவிட்டான் என்று சொல்வான். பார்க்காதவனுக்குச் சொல்ல அது இல்லை. அதனால்தான் அவன் குலம் கோத்திரத்துக்குப் போகிறான்.

திருப்பூர்ப் பக்கத்தாருக்கு இந்த வித்தியாசத்தை வெளியாள் வந்து விளக்க வேண்டியதில்லை. ஒரு பீஸில் தையல் விட்டிருந்தால், செக்கிங்கில் நிற்கும் அக்கா சரியாக அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஆல்டருக்குத் திருப்பி அனுப்புவார். அதைத் தைத்தவர் ஒடிசாவா உசிலம்பட்டியா, எந்தத் தெரு, எந்தச் சாமி என்று எழுத அந்த ஸ்டிக்கரில் இடம் கிடையாது. விமர்சனம் என்பது அந்த ஸ்டிக்கர் அளவுதான். எல்லாக் கம்பெனியிலும் குறை இப்படியே மரியாதையாகச் சொல்லப்படுகிறது என்று நாம் சாதிக்க வரவில்லை. லைனில் நின்று கத்தும் சூப்பர்வைசர்களின் வாயை இந்த ஊர் அறியும். பகலெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவை இரவில் யாருக்காவது கைமாற்றியாக வேண்டியிருக்கிறது என்றும் தோன்றுகிறது. ஆனால் வாங்கியவனுக்கு அல்லவா தெரியும், அது எங்கே போய்க் குத்தும் என்று?

வசவு ஆட்டத்தைப் பற்றியதே அல்ல என்பதற்கு ஹாக்கியிலிருந்து ஒரு சாட்சி. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். நான்கே நாளில், ஆகஸ்ட் 4 அன்று, அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்துவார் அருகே ரோஷனாபாத்தில் அவர் வீட்டின் முன்னால் சிலர் பட்டாசு வெடித்து, குடும்பத்தாரைச் சாதி சொல்லி ஏசினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வியாம். சொந்த நாடு தோற்றதற்குப் பட்டாசு! தாழ்த்தப்பட்டோர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. அந்த வன்மம் ஒலிம்பிக்குக்கு வெகுகாலம் முன்பே அந்தத் தெருவில் இருந்தது. தோல்வி அதற்குக் கிடைத்த சாக்கு. அதே ஆண்டு துபாயில் இந்தியக் கிரிக்கெட் அணி பாகிஸ்தானிடம் தோற்றபின் முகமது ஷமிக்கும், மறு ஆண்டு ஒரு கேட்சை விட்ட அர்ஷ்தீப் சிங்குக்கும் கிடைத்த பட்டங்களைப் பாருங்கள். அவற்றில் கிரிக்கெட் இருக்காது.

சேப்பாக்கத்துக்காரர்கள் மட்டும் தனி என்று நாம் மார்தட்டுவதுண்டு. 1999 ஜனவரியில் இந்தியா 12 ரன்னில் தோற்ற டெஸ்ட்டுக்குப் பிறகு பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கை தட்டிய ஊர் அது, உண்மைதான். அதே மைதானத்தில் 2023 மே மாதம் ஆட்டநாயகன் விருதை வாங்கிய ரவீந்திர ஜடேஜா, தான் முன்னால் இறங்கினால் தோனி வருவதற்காகத் தன் விக்கெட் விழக் காத்திருப்பார்கள் என்று சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். 2020-இல் சென்னை அணி கொல்கத்தாவிடம் தோற்றபின் தோனியின் 5 வயது மகளைக் குறித்து எழுதப்பட்டதையோ இங்கே அச்சிட முடியாது. பிடிபட்டவன் குஜராத்தில் ஒரு 16 வயதுப் பையன்.

ஜடேஜா அதே மாதம் இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஹர்திக் பாண்டியாவை 2024-இல் அவர் ஆடிய மும்பை அணியின் சொந்த மைதானமான வான்கடேயிலேயே கூச்சலிட்டு அவமதித்தார்கள். டாஸ் போடும்போது வர்ணனையாளர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் கூட்டத்தை அதட்ட வேண்டியிருந்தது. மூன்றே மாதத்தில் பார்படாஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரை அவர் வீச, அதே வான்கடே அவர் பெயரைக் கோஷமிட்டது. உடனே நாம் என்ன எழுதினோம்? ‘ஆட்டத்தால் பதிலடி’ என்று எழுதினோம். பத்திரிகைகளின் பங்கு இதில் சிறிதல்ல. இந்தத் தலைப்பை நாமே பலமுறை போட்டிருக்கிறோம். வசவை ஒரு பரீட்சையாக ஏற்றுக்கொண்ட தலைப்பு அது. அந்தக் கடைசி ஓவரில் 16 ரன் போயிருந்தால், வான்கடே கத்தியது நியாயம் என்று ஆகிவிடுமா?

எல்லோருக்கும் கடைசி ஓவர் வாய்ப்பதில்லை. 1950 ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா அரங்கில் உருகுவே அடித்த இரண்டாவது கோலைத் தடுக்க முடியாமல் போன பிரேசில் கோல்கீப்பர் மொவாசிர் பார்போசா, 2000-இல் சாகும்வரை அதைச் சுமந்தார். 1993-இல் பிரேசில் அணியின் பயிற்சி முகாமுக்குப் போனவரை ராசியில்லாதவர் என்று உள்ளே விடவில்லை. பிரேசிலில் அதிகபட்சத் தண்டனை 30 ஆண்டு, தான் 50 ஆண்டாக அனுபவிப்பதாக அவர் கடைசிக் காலத்தில் சொல்லிவிட்டுப் போனார். பதிலடி கொடுக்க அவருக்கு இன்னொரு இறுதி ஆட்டம் கிடைக்கவில்லை.

இன்னொன்று, வசவு எப்போதும் தப்பான முகவரிக்கே போகிறது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் தொடரை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையில் ஐஎஸ்எல் கால்பந்துத் தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில், சேத்ரி அப்போது ஆடிய பெங்களூரு எஃப்சி, முதல் அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை இந்தியா இழந்தது. தோற்ற இரவில் வைவதற்குக் கண்ணில் படுவது பதினோரு பேர். ஒப்பந்தத்தை இழுத்தடித்தவர்களின் முகம்கூட நமக்குத் தெரியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டுத் திருப்பூரில் ஆர்டர்கள் நின்றபோது, டெய்லருக்குக் கை சரியில்லை என்று எவரும் பேசவில்லை.

என்ன செய்வது? 2021 யூரோ கால்பந்து இறுதியில் பெனால்டி தவறவிட்ட இங்கிலாந்து வீரர்கள் ராஷ்ஃபோர்ட், சான்சோ, சாகா மூவர் மீதும் இனவெறி வசவு கொட்டியபின், இங்கிலாந்தில் சட்டத்தைத் திருத்தி, இணையத்தில் அப்படி எழுதியவரையும் மைதானத்துக்குள் விடாமல் தடுக்க வழி செய்தார்கள். இங்கும் அணி நிர்வாகங்கள் டிக்கெட்டை இருக்கை எண் போட்டுத்தான் விற்கின்றன. சாதியும் மதமும் சொல்லி ஏசியவருக்கு அடுத்த சீசன் டிக்கெட் இல்லை என்று சொல்ல அவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை, மனம்தான் இல்லை. சண்டை நடந்தால் பார்வை கூடுகிறது, பார்வை கூடினால் விளம்பரம் கூடுகிறது. பதினாறு வயதுப் பையன்களைப் பிடித்துக்கொண்டு போவதை நாம் தீர்வாக நினைக்கவில்லை. அவர்களுக்கு அந்த மொழியைப் பழக்கிவிட்ட பெரியவர்கள் வெளியேதான் இருக்கிறார்கள்.

நம் கைக்கு எட்டுவது நம் ஊர்த் திடல்தான். திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் நடக்கும் கபடியிலும் கால்பந்திலும் கோட்டோரம் நின்று சொந்த ஊர்ப் பையனையே கூசும்படி ஏசுவதை ரசனையாகக் கடந்துபோகிறோம். மைக் விழாக் கமிட்டியின் கையில் இருக்கிறது. இனவெறிக் கூச்சலுக்கு ஃபிஃபா வைத்திருக்கும் மூன்று படி முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை ஆட்டத்தை நிறுத்தி மைக்கில் எச்சரிக்கை. இரண்டாவது முறை இரு அணியும் வெளியேறிக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். மூன்றாவது முறை ஆட்டம் அத்துடன் முடிந்தது. கோப்பையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடி வாங்கிக்கொள்ளலாம்.