சட்டம் படிக்கும் வாலிபர்களும் நோயாளியின் உரிமையும்

சட்டக் கல்லூரியில் படிக்கும் வாலிபர்கள் சிலர், ஆஸ்பத்திரி, மருந்து, சுகாதாரம் சம்பந்தமான சட்டத்தில் தொழில் நடத்த இப்போதே என்ன தயார் செய்துகொள்ள வேண்டுமென்று கேட்கின்றார்கள். கேட்பது நியாயமே. ஆனால் வரும்படியை மாத்திரம் நினைத்து இத்துறைக்கு வருகிறவர்கள், ஆஸ்பத்திரி முதலாளிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் கணக்கப்பிள்ளைகளாவார்களே ஒழிய, நோயாளிக்கு வக்கீலாகமாட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்.

நோய் வந்தால் தலைவிதி, செத்தால் ஆண்டவன் அழைத்துக்கொண்டான் என்று சொல்லிப் பழகிய நாடு இது. விதியென்று நம்புகிறவன் யார் மேல் பிராது கொடுப்பான்? ஆகையால் இந்தத் தொழிலுக்கு முதல் தயாரிப்பு, விதியை நம்பாத புத்தியேயாகும்.

2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவில் வேண்டினால் பைத்தியம் தெளியுமென்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள் இருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். மனநோயாளிகளை வைத்து நடத்தும் இடத்திற்கு லைசென்ஸ் வேண்டுமென்ற 1987-ம் வருஷத்துச் சட்டம் அன்றும் அமுலில்தான் இருந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது; சங்கிலி காலில் இருந்தது. பிறகு 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், எவ்விதத்திலும் சங்கிலியிடக்கூடாதென்று வெளிப்படையாகவே விதித்தது. கோவிலானாலும், தர்காவானாலும், மாதா கோவிலானாலும் போய்ப் பார்த்து, "இது குற்றம்" என்று சொல்லும் வக்கீல் எங்கே?

அன்றியும், மந்திரம், தாயத்து, கவசம் முதலியவற்றால் நோய் தீருமென்று விளம்பரம் செய்வது 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறைவாசம் விதிக்கலாம். நீரிழிவையும் புற்றுநோயையும் தீர்த்துவிடுவதாகச் சொல்லும் மருந்து விளம்பரத்திற்கும் இதே கதிதான். பகுத்தறிவுக்காரர் மேடையில் சொல்லுவதைச் சர்க்காரே சட்டமாக்கி வைத்திருந்தும், அதைக் கையிலெடுக்க ஆளில்லாவிட்டால் தாயத்துக்காரனுக்கு என்ன பயம்?

நிற்க, ஏழையின் சங்கதியைப் பார்ப்போம். வைத்தியர் செய்யும் ஊழியமும் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதே என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் எல்லோருக்கும் இனாமாக வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி அதில் சேராது என்றும் சொல்லிவிட்டது. அப்படியானால் காசில்லாதவனுக்குக் கதியென்ன? 1992-ல் வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, சர்க்கார் ஆஸ்பத்திரிகள் பல இடமில்லையென்று திருப்பி அனுப்பின. கூலிக்காரர் சங்கத்தார் வழக்காடினார்கள். அவசர வைத்தியம் மறுப்பது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதாகுமென்று 1996-ல் அதே கோர்ட்டு சொல்லி, 25,000 ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் செய்தது. ஒரு சங்கமும் ஒரு வக்கீலும் சேர்ந்தால் என்ன நடக்குமென்பதற்கு இதுவே சாட்சி.

ஆகவே மாணவர்கள் செய்யவேண்டியது என்ன? பார் கவுன்சிலின் 2008-ம் வருஷத்து விதிப்படி, மூன்று வருஷப் படிப்புக்கு 12 வாரமும், ஐந்து வருஷப் படிப்புக்கு 20 வாரமும் வெளியில் பயிற்சி பெற்றாக வேண்டும். இந்த வாரங்களைப் பெரிய வக்கீலின் கட்டுத்தூக்கியாக மாத்திரம் கழிக்காதீர்கள். சில வாரம் நுகர்வோர் கமிஷனில் உட்கார்ந்து வைத்திய வழக்குகளைக் கவனியுங்கள். சில வாரம் முனிசிபாலிடி சுகாதார இலாகாவில் இருந்து, சாக்கடைக்கும் காலராவுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்ணால் பாருங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வைத்தியக் குறிப்புகளைக் கொடுக்கவேண்டுமென்பது வைத்தியர்களின் 2002-ம் வருஷத்து நடத்தை விதி. அக்குறிப்புகளை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாத வக்கீல், சாட்சிக் கூண்டில் நிற்கும் டாக்டரை என்ன கேட்கப்போகின்றார்? வாசித்ததைப் படிப்பில்லாத தாய்க்கும் விளங்கும்படி தமிழில் சொல்லவும் பழகுங்கள்.

டாக்டர்களையெல்லாம் குற்றவாளிகளாக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வைத்தியத்தில் தவறுதல் வேறு, அலட்சியம் வேறு. அதைப் பிரித்தறியாமல் நல்ல டாக்டரைக் கோர்ட்டுக்கு இழுப்பதும் அக்கிரமமேயாகும். அதற்காகவே விஞ்ஞானமும் படியுங்கள் என்கின்றோம்.

ஆஸ்பத்திரி வாசலில் கைகூப்பி நிற்கும் ஏழை, தான் பிச்சை கேட்கவில்லை, உரிமை கேட்கின்றோமென்று உணரும்படி செய்யும் வக்கீலே உண்மையான வக்கீலாவார். அப்படிப்பட்டவர்களாக வெளிவர வேண்டுமென்பதே வாலிபர்களுக்கு நமது வேண்டுகோள்.