இன்ஜினின் மூச்சைத் திருப்பலாமா? - தாத்தாவின் ஹெரால்டும் பேரனின் ஆசையும்!

மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய ஒரு தெரு. அங்கே ஒரு வீட்டு வாசலில், தார்ப்பாய் போர்த்திய பழைய 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா ஆசையாக வாங்கியது. பேரனுக்கோ அதை 'ஹாட் ராட்' ஆக்கிப் பார்க்க ஆசை.

“தாத்தா, காத்து உள்ளே போற வழியில புகை வரட்டும், புகை வர்ற வழியில காத்து போகட்டும். பைப் எல்லாம் பாம்பு மாதிரி மேலே நிக்கும். செம கெத்தா இருக்கும்!”

“ஏண்டா, வாசல்ல சாக்கடையும் கொல்லையில கோலமுமா?”

கேள்வி கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஆனால், உலகின் பெரிய இன்ஜினீயர்கள் சிலர் இதையே செய்து ஜெயித்திருக்கிறார்கள். அப்படியானால் பேரன் செய்தால் மட்டும் தப்பா?

முதலில், ஹாட் ராட் என்றால் என்ன? பழைய காரை வாங்கி, வேண்டாத பாகங்களைக் கழற்றி எடை குறைத்து, இன்ஜினை முறுக்கேற்றி ஓட்டுவது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், வறண்ட ஏரிப் படுகைகளில் ரேஸ் விட்ட இளைஞர்களிடமிருந்து கிளம்பிய மோகம் இது. 1932-ல் வந்த ஃபோர்டு வி-8 கார்தான் அவர்களின் செல்லம்.

நம் ஹெரால்டு, சென்னையின் செல்லம். இத்தாலிய டிசைனர் ஜியோவன்னி மிக்கெலோட்டி பிரிட்டனின் ட்ரையம்ப் கம்பெனிக்காக வரைந்த கார் இது. 1960-களில் அதை வண்டலூரில் தயாரித்தது, ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். பானெட்டைத் தூக்கினால் காரின் முன்பக்கம் மொத்தமும் மட்டைகார்டோடு சேர்ந்து முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜினில் வேலை பார்க்கலாம்!

அப்படி உட்கார்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். காற்று உள்ளே போகும் வழியும், புகை வெளியே வரும் வழியும் ஹெரால்டில் ஒரே பக்கம்தான். பழைய அம்பாஸடரிலும் இதே கதைதான். இன்றைய கார்களில் பெரும்பாலும் ஒரு பக்கம் காற்று, எதிர்ப்பக்கம் புகை.

கதவு யார் கையில்?

இன்ஜின் மூச்சு விடுவது நான்கு கட்டங்களில். காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சும், அழுத்தும், எரிக்கும், புகையைத் தள்ளும். உள்ளே விட ஒரு வால்வு, வெளியே தள்ள ஒரு வால்வு. எது எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது கேம்ஷாஃப்ட். ஆக, வேறு மாதிரி கடைந்த கேம்ஷாஃப்டைப் போட்டுவிட்டால், புகை வழி காற்று வழியாகிவிடும்.

தற்செயலாகவும் இது நடப்பதுண்டு. பழைய டீசல் வண்டி கியரில் இருக்கும்போது மேட்டிலிருந்து பின்னால் உருண்டால், இன்ஜின் தலைகீழாகச் சுற்றியபடி ஸ்டார்ட் ஆகிவிடும். அப்போது ஏர் ஃபில்டர் வழியாகக் கரும்புகை கிளம்பும்! ஆயில் பம்பும் தலைகீழாகச் சுற்றுவதால் ஆயில் ஏறாது. உடனே அணைக்காவிட்டால் இன்ஜின் ஜாம்தான்.

சிக்கல் எங்கே?

இரண்டு வால்வுகளும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. காற்றை உள்ளே தள்ளுவது வெறும் வளிமண்டல அழுத்தம்தான். அதனால் காற்று வால்வின் தலை பெரிதாக இருக்கும். புகையைப் பிஸ்டனே பிடித்துத் தள்ளிவிடுவதால் அதற்குச் சின்னக் கதவு போதும். ஆனால், அந்தச் சின்னக் கதவு பழுக்கப் பழுக்கச் சூடாகும். அதனால் அதைச் சூடு தாங்கும் தனி உலோகத்தில் செய்கிறார்கள். காற்று வால்வுக்கு அந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் குளிர்ந்த காற்றே அதை ஆற்றிவிடும்.

வழியை மாற்றினால் என்ன ஆகும்? சின்னக் கதவு வழியாக மூச்சிழுக்க இன்ஜின் திணறும், பவர் குறையும். சூடு தாங்காத பெரிய வால்வு எரிய ஆரம்பிக்கும். பைப் கெத்தாக நிற்கும், கார் நின்றுவிடும்!

ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள்? 1965 இண்டியானாபொலிஸ் 500 ரேஸில் ஜிம் கிளார்க் ஓட்டி வென்ற லோட்டஸ் காரின் ஃபோர்டு இன்ஜினில், புகை பைப்புகள் நடுவில் பின்னிக்கொண்டு நின்றன. 2008-ல் பி.எம்.டபிள்யூ தன் வி-8 இன்ஜினில் புகையை நடுப்பக்கம் திருப்பி, டர்போவையும் அங்கேயே வைத்தது. 2010-ல் யமஹா தன் ஒய்.இசட் 450 எஃப் பைக்கில் காற்றை முன்பக்கமும் புகையைப் பின்பக்கமும் மாற்றியது. மூவருமே அந்த வழிக்கென்று வால்வு, ஹெட், குளிரூட்டும் தண்ணீர் ஓடும் பாதை எல்லாவற்றையும் முதலிலிருந்தே வரைந்தார்கள். இருந்ததைத் திருப்பிப் போடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 50 வயது தாண்டிய கார், பைக்குகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. அதற்கு வண்டி அசல் வடிவில், பெரிய மாற்றம் ஏதுமில்லாமல் இருக்க வேண்டும். இன்ஜினைத் தலைகீழாக்கிவிட்டு அந்த கௌரவத்தைக் கேட்க முடியாது.

மழைக்காலத்தில் இது எல்லோருக்கும்!

ஹாட் ராட் ஆசையே இல்லாதவர்களும் தங்கள் காரின் மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2015-ல் அடையாறு பெருகியபோதும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பது நமக்கு மறக்காது. தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்காத மழைக்காலமும் அபூர்வம்.

காற்று உறிஞ்சும் வாய் பொதுவாக உயரத்தில் இருப்பதற்கு ஒரு காரணம் இதுதான். அதற்குள் தண்ணீர் போனால், பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் கார் நின்றுவிட்டால், 'ஒரே ஒரு தடவை' என்று மறுபடியும் சாவியைத் திருப்பாதீர்கள். கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் கொண்டு போய்விடுங்கள்.

சரி, மயிலாப்பூர் பேரன்? தாத்தாவிடம் ஒரு யோசனை இருக்கிறது.

“வால்வு கிரைண்டிங் பண்ணி, கார்புரேட்டரைக் கழுவு. ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா பீச் வரைக்கும் நீயே ஓட்டு.”

“பைப்பு?”

“அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்!”