பதினைந்து மீட்டர் ஆழம் யாருக்கு வேண்டும்?

நம் மாணவர் இதழ்களின் வண்ணப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். படகுப் பயணம் என்றால் இரண்டே வகைப் படங்கள்தாம் இருக்கும். ஒன்று, புறப்படுமுன் படகுத்துறையில் மிதவை அங்கியோடு கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நிற்பது. மற்றொன்று, திரும்பி வந்தபின் நனைந்த தலையோடு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பது. இடைப்பட்ட நான்கு மணி நேரம் தண்ணீரில் நடந்தவற்றிற்குச் சான்றே இல்லை. பகாங்கின் பெரா ஏரியில் ராசாவ் தாழைப் புதர்களுக்கு நடுவே வழி தேடியதும், லங்காவியின் கிலிம் சதுப்புநிலக் காட்டில் துடுப்பு வேரில் சிக்கியதும் வெறும் பேச்சாகவே மிஞ்சுகின்றன.

"அதுதான் கைத்தொலைபேசி இருக்கிறதே!" என்பார்கள். இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றிற்கு ஐபி68 என்ற தரக்குறியீடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில், நன்னீரில், தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழத்திலும் நேரத்திலும் நடத்தப்படும் சோதனை. உப்புநீருக்கு அது உறுதி தருவதில்லை. நீர் புகுந்து பழுதானால் பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதமும் கைவிட்டுவிடும். விரல் நனைந்துவிட்டால் தொடுதிரை நம் சொல் கேட்பதில்லை என்பது தனிக்கதை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படும் காரணம் ஒன்று உண்டு. நீரில் யாருக்காவது ஏதேனும் நேர்ந்தால் 999-ஐ அழைக்க நம்மிடம் இருப்பது அந்தக் கைத்தொலைபேசிதான். அதையே படம் பிடிக்கும் கருவியாக்கி, மின்கலத்தைத் தீர்த்து, ஈரக்கையில் பிடித்துத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது நீர்புகாப் பைக்குள்ளேயே இருக்கட்டும். படத்திற்குத் தனிக்கருவி வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறையாவது மாணவர்களை ஆற்றுக்கும் ஏரிக்கும் அழைத்துச் செல்லும் கழகம், பொதுவில் ஒன்றை வாங்கி வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கடைக்குப் போனால் முதலில் நம் கண்ணில் படுவது ஆழக் கணக்குத்தான். ஓ.எம். சிஸ்டம் டிஜி-7 (2023) பதினைந்து மீட்டர் தாங்கும். பென்டாக்ஸ் டபிள்யூஜி-8 (2024) இருபது மீட்டர். முன்பு வெளிவந்த நிக்கான் டபிள்யூ300 முப்பது மீட்டர் என்று பெருமை பேசியது. பானசோனிக் எஃப்டி7 அதைவிட ஒரு மீட்டர் கூட்டி முப்பத்தொன்று என்றது! முக்குளிப்பவருக்கு இந்த எண்கள் தேவைப்படலாம். துடுப்புப் போடுகிறவருக்கு எதற்கு? படகு கவிழ்ந்தாலும் மிதவை அங்கி அணிந்தவர் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போவதே அரிது. பத்து மீட்டர் இறங்கினால்தான் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். ஆகவே, இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நம் கருவிக்கு உண்மையான ஆபத்து நீர் உள்ளே புகுவதன்று. கருவி நீருக்குள் போய்விடுவது! இவ்வகைக் கேமராக்கள் பெரும்பாலும் மிதப்பதில்லை. டிஜி-7-இன் எடை சுமார் 250 கிராம். கைதவறினால் நேரே அடிக்குப் போய்விடும். பெரா ஏரியின் நீரோ கடுந்தேநீர் நிறம். அதற்குள் விழுந்ததைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? ஆகவே கேமரா வாங்கும்போதே மிதவைப் பட்டையும் சேர்த்து வாங்குங்கள். ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறமாக இருக்கட்டும். கடைக்காரர் சொல்வதை நம்பாமல், வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டையும் சேர்த்து மிதக்கவிட்டுப் பாருங்கள். கழுத்தில் மட்டும் மாட்டாதீர்கள். படகு கவிழும்போது அந்தக் கயிறு வேரிலோ கிளையிலோ சிக்கினால் விளைவு விபரீதம். குட்டையான கயிற்றால் மிதவை அங்கியின் தோள்பட்டையில் கட்டி, அங்கியின் பையில் செருகி வைப்பதே நல்லது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது வெளிச்சம். இதைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. சதுப்புநிலக் காட்டுக்குள் நண்பகலிலும் இருட்டுதான். படகோ ஆடிக்கொண்டே இருக்கும். டிஜி-7-இன் வில்லை, விரிகோணத்தில் எஃப்2 வரை திறக்கும். ரிக்கோ டபிள்யூஜி-6-இல் அது எஃப்3.5 வரைதான். கணக்குப் போட்டால் முன்னது ஏறத்தாழ மூன்று மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஆடும் படகில் முகம் கலங்காமல் விழுவதற்கு அந்த மூன்று மடங்கு போதும். முப்பது மீட்டர் ஆழத்தைவிட எனக்கு இதுவே மேல். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. நான்கு மடங்கு உருப்பெருக்கம்தான். மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் இருவாச்சிப் பறவை ஒரு புள்ளியாகத்தான் தெரியும். உணரியும் சிறியது. கரையில் நின்று எடுத்தால் உங்கள் கைத்தொலைபேசியின் படமே இன்னும் அழகாக இருக்கும்.

நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் கோப்ரோ வகைக் கருவிகளை விரும்புவோரும் உண்டு. எல்லாவற்றையும் அவை பதிவு செய்துவிடும். பிறகு அந்த நான்கு மணி நேரக் காணொளியை யார் உட்கார்ந்து பார்ப்பது?

நம் நாட்டுப் புழுக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆற்றங்கரையில் மின்கல அறையைத் திறந்தால் ஈரக்காற்று உள்ளே புகுந்து அடைபட்டுக்கொள்ளும். பிறகு கேமரா குளிர்ந்த நீரில் நனையும்போது அந்த ஈரம் வில்லைக் கண்ணாடியின் உட்புறத்தில் பனிபோலப் படியும். துடைக்கவும் வழியில்லை! எனவே மின்கலத்தையும் நினைவக அட்டையையும் முதல்நாள் இரவே குளிர்சாதன அறையில் மாற்றிவிட வேண்டும். மூடும்போது ரப்பர் விளிம்பில் மணலோ முடியோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஒரே ஒரு முடி போதும், நீர் கசிய. கடல்நீரில் நனைந்திருந்தால், கதவை மூடியபடியே நன்னீரில் சிறிது நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

விலைக்கு வருவோம். டிஜி-7 வெளிவந்தபோது அமெரிக்காவில் சுமார் 550 டாலர். நம் பணத்தில் ஈராயிரம் ரிங்கிட்டுக்கு மேல். தனி மாணவருக்கு இது அநியாயம். எந்த மாணவரையும் இதை வாங்கச் சொல்லமாட்டேன். இருபது முப்பது பேர் கொண்ட கழகம், ஐந்தாண்டுக் கணக்கில் பார்த்தால் தாங்கக்கூடிய தொகைதான். முன்னாள் மாணவர்கள் தங்கள் அலமாரியில் உறங்கும் பழைய நீர்புகாக் கேமராவைக் கொடுக்க முன்வந்தால் நன்றியோடு பெற்றுக்கொள்ளலாம். ஆனால் பத்தாண்டில் ரப்பர் இறுகிப்போயிருக்கும். அந்தக் கருவியைத் தூறலுக்கும் தெறிப்புக்கும் மட்டுமே நம்புவேன், நீரில் முக்கமாட்டேன்.

வாங்கியபின் யார் கையில் கொடுப்பது என்பதில் தகராறு வரும். என் யோசனை இது. இருவர் அமரும் படகில் பின்னால் இருப்பவர்தான் திசையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் துடுப்பை விடக்கூடாது. முன்னால் இருப்பவர் சற்று நேரம் துடுப்பை மடியில் வைத்தாலும் படகு போகும். முதல் படகில் முன்னால் அமர்பவரிடம் கேமராவைக் கொடுங்கள். அவர் திரும்பிப் பார்த்தால் தம் தோழரின் முகமும் அவருக்குப் பின்னால் வரிசையாக வரும் மற்றப் படகுகளும் ஒரே படத்தில் விழும். மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதைக் கரை ஒதுங்கிய பிறகு செய்யுங்கள், படகுக்குப் படகு வீசிப் பிடிக்காதீர்கள்.