பேர் போடலையே, அப்புறம் என்ன?

போன மாதம் எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு அட்டவணை வந்து விழுந்தது. ஏதோ மருத்துவ முகாமின் முடிவுகளாம். தெரு, வயது, ஆணா பெண்ணா, சர்க்கரை, பிரஷர், காசநோய்ச் சந்தேகம் என்று வரிசையாக இருந்தது. போட்டவரிடம் கேட்டேன். "யார் பேருமே இல்லைங்களே சார், அப்புறம் என்னங்க?" என்றார். வாழப்பாடியில் ஒரு தெருவில் 63 வயதுப் பெண்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? பொழுது சாய்வதற்குள் டீக்கடையில் விவரம் பேசப்பட்டுவிட்டது.

பேரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற இந்த நம்பிக்கை படித்தவர்களிடம்தான் அதிகம். அரசாங்கத்துக்கும் அதே நம்பிக்கை. 2020இல் நம் சுகாதாரத் துறை தினமும் வெளியிட்ட கொரோனா அறிக்கையை நினைத்துப் பாருங்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி: வயது, பாலினம், மாவட்டம், இருந்த நோய்கள், எந்த அரசு மருத்துவமனையில் என்றைக்குச் சேர்ந்தார், என்றைக்கு இறந்தார். பேர் மட்டும் கிடையாது. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் இறந்தவரின் பங்காளிக்கு அந்தப் பத்தி யாருடையது என்று தெரியாதா? சிறுநீரகக் கோளாறு இருந்ததை வீட்டார் யாருக்கும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். அந்தப் பத்தி சொல்லிவிடும். பெண் கேட்டு வருகிறவர்கள் அதையும் விசாரிப்பார்கள். கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரையே புதைக்கவிடாமல் சென்னையில் கல்லெறிந்த வருடம் அது. அந்த வருடத்தில்தான் இத்தனை விவரத்தையும் வரி வரியாக அச்சடித்தார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வை என்று நான் சொல்லவில்லை. சென்னை மாநகராட்சியின் பதிவேட்டையும் மாநிலத்தின் கணக்கையும் ஒப்பிட்டுக் கேள்வி கேட்டதால்தான், 2020 ஜூலையில் விடுபட்ட 444 சாவுகள் கணக்கில் ஏறின. எண்ணிக்கை வெளியே வரத்தான் வேண்டும். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் அதிகம் சாகிறார்களா என்று தெரிந்துகொள்ளப் பத்து வயது இடைவெளியும் வாரக் கணக்கும் போதாதா? ஒருவர் சேர்ந்த தேதியும் இறந்த தேதியும் எந்த ஆராய்ச்சிக்கு? அந்தப் பத்தியில் பேர் ஒன்றுதான் குறை.

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை, பேரை நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. லடான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதியையும் அஞ்சல் எண்ணையும் பொருத்தி, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே எடுத்துக் காட்டினார். நம் வாக்காளர் பட்டியலில் பேர், தகப்பன் அல்லது கணவன் பேர், கதவு எண், வயது எல்லாம் இருக்கின்றன. இங்கே 20 டாலர்கூடத் தேவையில்லை. அந்த முகாம் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலைப் புரட்டினால் போதும்.

உருப்படியாகச் செய்ததும் நம் பக்கத்திலேயே உண்டு. லாரித் தொழிலின் நாமக்கல்லில் எச்.ஐ.வி. அதிகம் என்பது எப்படித் தெரிந்தது? கர்ப்பிணிகளிடம் வேறு பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தை, யாருடையது என்று தொடர்பே இல்லாமல் சோதித்து, மாவட்டக் கணக்காக மட்டும் வெளியிட்டார்கள். தெரு இல்லை, ஊர் இல்லை. தடுப்பு வேலைக்கு அந்த எண்ணே போதுமானதாக இருந்தது.

வயிற்றெரிச்சல் இன்னொன்று. நூறு நாள் வேலைக்குப் போகிற கூலிக்காரரின் பேர், சாதிப் பிரிவு, வாங்கிய கூலி எல்லாம் பல வருடமாக இணையத்தில் திறந்து கிடக்கின்றன. ஆனால் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. அதிகாரியைப் பற்றிக் கேட்டால் அந்தரங்கம். களைக்கொத்து பிடிக்கிறவருக்கு மட்டும் அந்தரங்கம் கிடையாதா?

அந்த முகாம்காரர்களிடம் கேட்டது இவ்வளவுதான்: தெருவை எடுத்துவிட்டுப் பேரூராட்சி என்று போடுங்கள், வயதைப் பத்துப் பத்தாகச் சேருங்கள், ஐந்து பேருக்குக் குறைவான கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. இன்னும் செய்யவில்லை.