பழசாயிருச்சு என்றொரு தீர்ப்பு

வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “பழசாயிருச்சு, புதுசு வாங்கிருங்க.” கடைக்காரர் சொல்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் போனிலேயே சொல்கிறான். யூட்யூப் சொல்கிறது. இவர்களில் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னவர் எத்தனை பேர்? காய்ச்சலோடு போகிறவரிடம் நாடிகூடப் பிடிக்காமல் “வயசாயிருச்சு” என்று சொல்லி அனுப்பும் டாக்டரிடம் நாம் இரண்டாம் முறை போவோமா? கணினி விஷயத்தில் மட்டும் போகிறோம், காசும் கொடுக்கிறோம். விசாரணையே இல்லாமல் தரப்படும் இந்தத் தீர்ப்பு யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதுதான் என் கேள்வி.

நான் இருப்பது தேவாரம். மேற்கே மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். விடியும் முன்பே எங்கள் தெருக்களில் ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏறி, சாயங்காலம் இறங்கும். அதில் கூலிக்குப் போகும் பெண்களின் வீடுகள் பலவற்றில் ஒரு கணினி உண்டு. பிள்ளைகள் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். கொடுத்தது ஒருவருக்கு என்றாலும் அது வீட்டுக்கே பொது. தம்பிக்குக் கேம், அக்காவுக்கு டிஎன்பிஎஸ்சி, அப்பாவுக்குப் பழைய பாட்டு, எல்லாருக்கும் சேர்த்து ஆன்லைன் விண்ணப்பங்கள்.

அப்படி ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். குரூப் 4-க்குப் படிக்கிறாள்.

“அண்ணே, இத ஆன் பண்ணிட்டு ஒல வச்சா சோறு வெந்துருது. இது இன்னும் சுத்திக்கிட்டே கெடக்கு.”

“கடையில காட்டுனியாம்மா?”

“காட்டுனோம்ணே. பழசாயிருச்சாம். முப்பதாயிரம் இருந்தா நல்லதா எடுக்கலாம்னாங்க. அம்மா தோட்டத்துல அட்வான்ஸ் கேட்டுப் பாக்குறேன்னுச்சு.”

கவனியுங்கள். அட்வான்ஸ் என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் மலையேறிக் கழிக்க வேண்டிய கடன். நகரத்தில் உட்கார்ந்து ‘அப்கிரேடு’ என்று சொல்கிறவருக்கு அது ஒரு சொல். இங்கே அது ஓர் அம்மாவின் அறுபது எழுபது நாள் உழைப்பு. அந்தக் கடனுக்கு முன்பு பத்து நிமிடம் செலவழித்துப் பார்க்க வேண்டாமா?

பார்த்தோம். நான் தொடவில்லை, அவளையே அழுத்தச் சொன்னேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எந்த மென்பொருள் எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். மெமரி நிரம்பி வழிந்தது, டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றது. ஆன்டிவைரஸ் மட்டும் இரண்டு. அதில் ஒன்று காலாவதியாகி, பணம் கட்டச் சொல்வதை மட்டுமே வேலையாக வைத்திருந்தது. தம்பி என்றோ போட்ட கேமுக்கு ஒரு லாஞ்சர், பிரின்டரே இல்லாத வீட்டில் பிரின்டர் மென்பொருள், பெயரே தெரியாத அப்டேட்டர்கள் நாலைந்து. எல்லாம் கணினியை ஆன் செய்ததுமே தாமாக எழுந்து உட்கார்பவை.

“இதெல்லாம் யாருண்ணே போட்டா?” என்று கேட்டாள். இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

ஏலக்காயை 8 மில்லி, 7 மில்லி என்று சல்லடையில் சலித்து ரகம் பிரிப்போமே, மெதுவான கணினியையும் அப்படித்தான் சலிக்க வேண்டும். முதல் சல்லடை: மெதுவாக இருப்பது கணினியா, நெட்டா? நெட்டைத் துண்டித்துவிட்டு ஒரு ஃபோல்டரையோ நோட்பேடையோ திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால் குற்றவாளி வேறு எங்கேயோ இருக்கிறான்.

இரண்டாவது, ரேம். மலையேறும் ஜீப் திணறினால் எங்கள் ஊரில் யாரும் முதலில் ஜீப்பின் வயதைக் கேட்க மாட்டார்கள். உள்ளே எத்தனை பேர் என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள். ரேம் நிறைந்துவிட்டால் கணினி சும்மா இருக்காது. இடமில்லாததையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்து, வேண்டும்போது மறுபடி ஏற்றும். இந்த ஏற்றி இறக்கும் வேலைதான் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.

மூன்றாவது, அந்த ஹார்ட் டிஸ்க். பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை எடுக்கச் சொன்னால், அந்தத் தட்டால் நொடிக்கு ஏறத்தாழ நூறு தடவைக்குள்தான் முடியும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்கில் செய்யும். நாலாவது, சூடு. விசிறியில் தூசி அடைத்தால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் ஊர் மேல்காற்றுக் காலத்தில் ஒரு பிரஷ் போதும், பாதி வைத்தியம் முடிந்தது. இவ்வளவும் சலித்த பிறகும் தேறவில்லை என்றால்தான் வைரஸா, சாகக் கிடக்கும் டிஸ்க்கா என்று அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

அந்த லேப்டாப்பில் வேண்டாததை நீக்கியதுமே பாதி மூச்சு வந்துவிட்டது. பிறகு ஒரு சின்ன எஸ்எஸ்டியும் பழைய ரேம் ஒன்றும் போட்டோம். அவள் அம்மாவின் ஒரு வாரக் கூலிக்குள் செலவு முடிந்தது. ‘பழசாயிருச்சு’ என்று சொல்லப்பட்ட அதே போர்டு, அதே பிராசசர்தான் இன்றும் ஓடுகிறது.

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். இதையெல்லாம் யார் போட்டது?

1995-ல் வந்த விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்சம் 4 எம்பி ரேம் தேவைப்பட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி. ஆயிரம் மடங்கு. நாம் எழுதும் கடிதம் ஆயிரம் மடங்கு நீண்டதா? பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் அதே 1995-ல் மென்பொருள் ஊதிப் பெருப்பதைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிறது என்ற கருத்து அதற்குப் பிறகுதான் ‘விர்த் விதி’ என்று பரவியது. இணையப் பக்கங்களும் இந்தக் கதைதான். ஹெச்டிடிபி ஆர்கைவ் என்ற அமைப்பு தொடர்ந்து அளந்து வருகிறது: 2024 அக்டோபரில் கணினியில் திறக்கும் முகப்புப் பக்கம் ஒன்றின் இடைநிலை எடை சுமார் 2.6 எம்பி. ஒரு சின்னச் செய்தியைப் படிக்கப் போகிறோம்; கூடவே விளம்பரம், நம்மைப் பின்தொடரும் நிரல்கள், தானே ஓடும் வீடியோ எல்லாம் வந்து இறங்குகின்றன. அவற்றை ஓட்டுவது நம் கரண்ட், நம் ரேம், நம் டேட்டா. வருமானம் மட்டும் வேறொருவருக்கு.

மெதுவாவது இயற்கை விதி என்று நம்புகிறவர்களுக்கு இன்னொரு வழக்கு. பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் வழியாக அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பிவிடும். வைத்திருந்தவருக்கு அது தெரியாது; போன் பழசாகிவிட்டது என்றே நினைத்தார். வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விட்டதற்காக பிரான்ஸ் 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை தர நிறுவனம் சம்மதித்தது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே. ஆக, ‘பழசாயிருச்சு’ என்ற சொல்லுக்குப் பின்னால் சில நேரம் காலம் இருக்கிறது, சில நேரம் யாரோ ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது. எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு, மறைக்கவில்லை. கூடிய எடை முழுக்கக் குப்பை கிடையாது. வங்கிக் கணக்கைக் காக்கும் குறியாக்கமும் எடைதான். தமிழ் எழுத்து உடையாமல் திரையில் வருவதும் எடைதான். தமிழ் யூனிகோடுக்கு விண்டோஸில் ஆதரவு வந்ததே விண்டோஸ் 2000-த்தில். பார்வையற்ற நண்பருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் எடையே. இவற்றுக்காக என் ரேமைச் சந்தோஷமாகக் கொடுப்பேன். என்னைக் கேட்காமல் ஏறியதைத்தான் இறக்கச் சொல்கிறேன்.

பாதுகாப்பு என்ற வாதமும் அப்படித்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்கள் பெரும்பாலும் தகுதிப் பட்டியலிலேயே இல்லை. எங்கள் வீடுகளில் இருக்கும் லேப்டாப்புகளில் பல அதற்கும் முந்தியவை. அவை ஓடும், ஆனால் பட்டியலில் இல்லை. இது ‘பழசாயிருச்சு’ என்ற தீர்ப்பின் புது வடிவம்: இப்போது அதை உற்பத்தியாளரே எழுதித் தருகிறார்.

வேறு வழியே இல்லையா? இருந்தது, அதுவும் அந்த லேப்டாப்புக்குள்ளேயே. இலவச மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக்கில் உருவான, சுதந்திர மென்பொருள் அடிப்படையிலான இயங்குதளம். லினக்ஸ் வகைகளில் குறைந்த ரேமிலும் ஓடக்கூடியவை பல உண்டு. ஆனால் அது என்ன, எதற்கு என்று சொல்லித்தர ஆள் இல்லை. நான் பார்த்த லேப்டாப்புகள் பலவற்றில் கடைக்காரர் அதை முதல் வேலையாக அழித்திருந்தார்.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். எங்கள் பெண்கள் தினமும் கூலிக்குப் போகும் அதே கேரளத்தில், அரசுப் பள்ளிக் கணினிகள் பல வருடமாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. கைட் என்ற அரசு நிறுவனம் அதற்கான இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கென்றே தயாரித்துத் தருகிறது. 2018-ல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் பிள்ளைகளே வன்பொருள் பராமரிப்பும் பழகுகிறார்கள். நம்மிடம் பொருளைக் கொடுத்தார்கள். அங்கே பொருளைத் திறந்து பார்க்கும் பழக்கத்தையும் கொடுத்தார்கள்.

இலவச லேப்டாப்பைக் கேலி பேசும் கூட்டத்தில் நான் இல்லை. அது வராமல் போயிருந்தால் எங்கள் தெருவில் கணினியைத் தொட்டே பார்க்காமல் பள்ளியை முடித்தவர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள். அதனாலேயே இதைக் கேட்கிறேன். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அரசு அறிவித்தது. அவற்றில் ரேமைக் கழற்றி மாற்ற முடியுமா, போர்டோடு பற்றவைத்திருக்குமா? பேட்டரியைச் சாதாரண ஸ்குரூ டிரைவரால் எடுக்க முடியுமா? வாரன்டி முடிந்த மறுநாள் தேவாரத்துப் பெண் எங்கே போவாள்? வட்டாரத்துக்கு ஒரு பழுதுபார்ப்பு மேசை, அரசுக் கல்லூரியிலோ ஐடிஐயிலோ, மாணவர்களே நடத்துவது. இது முடியாத காரியமா? டெண்டரில் நாலு வரி கூடினால் போதும்.

உங்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. இலக்கியம் படிக்கிறோம், பிரதியை விசாரிக்காமல் எதையும் ஏற்க மாட்டோம் என்கிறோம். மடியில் இருக்கும் கருவி விஷயத்தில் மட்டும் கடைக்காரரின் ஒற்றை வாக்கியத்துக்குத் தலையாட்டுகிறோம். இன்று ராத்திரி உங்கள் கணினியில் அந்த மூன்று பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ‘உன்னை யார் கூப்பிட்டது?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாததை இறக்கிவிடுங்கள். அதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால், சரி, புதுசு வாங்குவதைப் பற்றி அப்போது பேசுவோம்.