படகுக்கு முன்னால் தண்ணீர்!

பாரம்பரியம் என்றாலே கோயில், கோபுரம், கோட்டை என்றுதான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். படகைப் பற்றி யாராவது சொன்னார்களா?

அபிராமபுரத்திலிருந்து தெற்கே போனால் அடையாறு. கிழக்கே போனால் பக்கிங்காம் கால்வாய். இரண்டையும் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் தாண்டுகிறோம். நமக்கும் அந்தத் தண்ணிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்!

1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பின் துடுப்புப் படகுகள் இன்றும் அடையாற்றில் ஓடுகின்றன. அது வசதியுள்ளவர்களின் விளையாட்டு. ஆனால் அதே ஆறு கடலில் சேரும் இடத்தில், சீனிவாசபுரத்திலும் ஊரூர் குப்பத்திலும் இருப்பவர்களுக்குப் படகுதான் சோறு.

அவர்களுடைய கட்டுமரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லேசான மரக்கட்டைகளைக் கயிறால் பிணைத்ததுதான் கட்டுமரம். ஆணி கிடையாது. அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும், மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப்போடலாம். இங்கிலீஷ்காரன் இந்தப் பெயரையே கடன் வாங்கிக்கொண்டான். டிப்ளமா வாங்காத இன்ஜினியர்கள் செய்த டிசைன் இது! இன்று ஃபைபர் படகும் மோட்டாரும் வந்துவிட்டன. அது தப்பில்லை. பிழைப்புக்கு எது வசதியோ அதைத்தானே வாங்குவார்கள்?

படகு மாறலாம், தண்ணீர் செத்தால்தான் எல்லாம் போச்சு. அதற்குச் சாட்சி பக்கிங்காம் கால்வாய். 1806-ல் வெட்டத் தொடங்கியது. 1876-78 பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரண வேலையாக நீட்டினார்கள். உப்பும் விறகும் நெல்லும் அதில்தான் சென்னைக்கு வந்தன. 1965, 66 புயல்கள் அதைச் சிதைத்தன. சாக்கடை மீதியை முடித்தது. பிறகு பறக்கும் ரயிலுக்காகக் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டார்கள். ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்மில் பலர் அதில்தானே வருகிறோம்! ஆனால் அந்தத் தூண்களுக்கும் யாரோ டிராயிங் போட்டார்கள் அல்லவா? நாளைக்கு அந்த டிராயிங் போர்டு முன்னால் நிற்கப்போவது நாம்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரையை உடைத்துக்கொண்டு வீடுகளுக்குள் வந்தது. நாம் மறந்தாலும் ஆறு தன் வழியை மறப்பதில்லை.

ஆகவே ஒரு யோசனை. ஃபைனல் இயர் பிராஜெக்டுக்குக் கடையில் ரெடிமேடாக வாங்குவதை விட்டுவிட்டு, குப்பத்துப் பெரியவர்களிடம் போவோம். எந்த மரம், எந்த முடிச்சு என்று கேட்போம். டேப் பிடித்து அளந்து, பிளான், எலிவேஷன் போட்டு நம்ம லைப்ரரியில் வைப்போம். சிவில் மாணவர்கள் முகத்துவாரத்தில் மணல் எப்படி மூடுகிறது என்று பார்க்கட்டும். கெமிக்கல் மாணவர்கள் தண்ணீரைச் சோதித்து, மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் அதில் இருக்கிறதா என்று சொல்லட்டும்.

கட்டுமரத்தை மியூசியத்தில் வைத்துக் கும்பிடுவது சுலபம். அது மிதக்கும்படி ஆற்றைத் திருப்பிக் கொடுப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்குத்தானே நாம் படிக்கிறோம்?