குத்தகைக் காணியில் ஒரு கீரைப் பாத்தி

பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சின் செயலாளர் அவர்களுக்கு,



இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் மழை பெய்தால் றப்பர் பால் வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் செக்ரோலில் பேர் விழாது, அன்றைய கூலியும் இல்லை. தேயிலை மலையில் வெயில் நீண்டாலோ கொழுந்து இல்லை, அரைநாள் கூலியான அரைப்பேர்தான். பருவம் தப்பும் மழையும் வெயிலும் தொழிலாளர் லயத்து அடுப்பில்தான் முதலில் தெரிகின்றன. ரொட்டி குறைகிறது, சம்பலில் தேங்காய் குறைந்து கொச்சிக்காய் கூடுகிறது.

அந்த ரொட்டிக்கான கோதுமையும் கப்பலில் வர வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது, சுமார் 63 இலட்சம் பேருக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை என ஐ.நா. உணவு அமைப்புகள் கணித்தன. அதிலும் தோட்டத்துறையே மோசமாகப் பாதிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2021 மே மாதம், ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடியாகச் சரிந்தது. மண்ணைக் காப்பதாகச் சொன்ன அந்த முடிவின் சுமையைக் கூலியாட்களும் சிறு தோட்டக்காரருமே சுமந்தார்கள்.

தோட்ட எல்லையைத் தாண்டிப் பாருங்கள். பக்கத்துக் கிராமத்து வளவில் பலா, ஈரப்பலா, பாக்கு, மிளகு, கீழே கிழங்கு, கீரை என அடுக்கடுக்காக நிற்கின்றன. மழை பிழைத்தாலும் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். வேர்கள் மண்ணையும் பிடித்திருக்கும். அதே மழை பெய்யும் லயத்துக்குப் பின்னால் இருப்பதோ, தோட்டத் துரை சொன்னால் நாளையே பிடுங்க வேண்டிய ஒரு கீரைப் பாத்தி. காணி தம் பெயரில் இல்லாத குடும்பம் பலா நடுமா? பலன் வரும்வரை அங்கே இருப்போமா என்பதே தெரியாதே!

இந்தத் தோட்ட நிலத்தின் பெரும்பகுதி இன்றும் அரசுடையது. 1992இல் நிர்வாகம்தான் கம்பனிகளுக்குப் போனது. காணி குத்தகைக்கே கொடுக்கப்பட்டது. ஆகவே எங்கள் கோரிக்கைகளை நிறைவேற்றும் அதிகாரம் அரசின் கையிலேயே இருக்கிறது.

முதலாவது, தரிசாகக் கிடக்கும் தோட்டக் காணியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயிர்நிலத்தை உரித்துடன் கொடுங்கள். வீட்டுக்கென்று பேசப்படும் ஒரு சில பேர்ச்சுக்குள் இதை அடக்காதீர்கள்.

இரண்டாவது, அக்குடும்பத்தினரைக் கமநல சேவை நிலையங்களில் விவசாயிகளாகப் பதியுங்கள். விதை, ஆலோசனை, பயிர் அழிவுக்கான நட்டஈடு யாவும் தமிழில் கிடைக்கட்டும்.

மூன்றாவது, செங்குத்துச் சரிவுகளில் மரவள்ளிக்காக மண்ணைக் கிளற விடாமல் பலாவும் ஈரப்பலாவும் நடச் செய்யுங்கள். எந்தச் சரிவு ஆபத்தானது என்பதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லட்டும். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து மனிதர்களை விழுங்கியதை சப்ரகமுவ மாகாணம் மறக்கவில்லை.

2023 துபாய் காலநிலை மாநாட்டில் 130க்கும் மேற்பட்ட நாடுகள் உணவு முறையைத் தம் காலநிலைத் திட்டங்களில் சேர்ப்பதாக உறுதியளித்தன. சப்ரகமுவவில் அந்த வேலை காணி உறுதியிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன், மாவட்டத்துக்கு ஒரு தோட்டத்திலாவது காணி அளவைப் பணியை ஆரம்பியுங்கள்.

இங்ஙனம்,
ஆசிரியர்